பிள்ளைகளை வைத்துக் காலநிலைப் பாட்டு: 'மரம் நடுவோம்' வராமல் எழுத வழி இருக்கிறதா?

கழிமுகம் டீச்சர்

எண்ணூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். சுற்றுச்சூழல் மன்ற நிகழ்ச்சிக்குக் காலநிலை மாற்றம் பற்றி ஒரு பாட்டு வேண்டும், பிள்ளைகளே எழுதிப் பாட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளும் ஆர்வமாக எழுதிக் கொண்டுவந்தார்கள். இதோ:

பூமித் தாயே எங்கள் தாயே
புகையை நீக்கிக் காப்போம் உன்னை
மரங்கள் நட்டு வளர்த்திடுவோம்
மாசில்லாத உலகு செய்வோம்

தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எழுதிய பையனுக்கே இதில் ஒட்டுதல் இல்லை. பாடச் சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு ஒப்பிக்கிறான். அதே பையன் இடைவேளையில் பெஞ்சைத் தட்டிக் கானா பாடினால் பக்கத்து வகுப்பே வந்து நிற்கிறது.

ஜன்னலைத் திறந்தால் அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டு தெரிகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு 'பூமித் தாயே' என்று எழுதுகிறார்கள். இதை எப்படி உடைப்பது? இந்த மாதிரி வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கறார் கணக்கு

டீச்சர், கோபித்துக்கொள்ளக் கூடாது. பாட்டுக் கேட்டு எந்தப் புகைக்கூண்டு மூடியது? உங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 2017 ஜனவரியில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்ச் சாம்பலுக்கு நடுவே நின்று புறம்போக்குப் பாடலைப் பாடினார். கபேர் வாசுகி மெட்ராஸ் தமிழில் எழுதியது, ராகமாலிகை, நல்ல படப்பிடிப்பு. நானே நாலு பேருக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகும் சாம்பல் தண்ணி கொசஸ்தலை ஆற்றில் கலந்துகொண்டுதான் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து எண்ணெய் வேறு வந்து கழிமுகம் முழுக்கக் கறுத்தது. படகு, வலை எல்லாம் தார் பூசின மாதிரி. பாட்டு என்ன செய்தது?

பிள்ளைகளுக்கு அறிவியலைச் சொல்லிக் கொடுங்கள். பாட்டு பொழுதுபோக்கு.

கானா காதலி

கணக்கு சார், ஒரு பாட்டு வெளியான மறுநாள் ஆறு சுத்தமாக வேண்டும் என்றால் பாடப் புத்தகத்தையும் அப்படியே கேட்கலாமே. அறிவியல் பாடத்தில் எத்தனை வருஷமாகப் பசுமை இல்ல விளைவு இருக்கிறது, எந்தக் கூண்டு மூடியது?

அந்தப் பாட்டு செய்த ஒரு காரியத்தை நான் கண்ணால் பார்த்தேன். மயிலாப்பூர்ப் பக்கம் எண்ணூர் என்றால் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கிற ஊர், அவ்வளவுதான். கச்சேரி கேட்கிற கூட்டம் 'சாம்பல் கழிவு என்றால் என்ன' என்று முதல் தடவை கேட்டது அதற்குப் பிறகுதான். ஆனால் அது வெளியிலிருந்து வந்தவர்கள் வெளியில் இருப்பவர்களுக்குப் பாடியது. டீச்சர் கேட்பது வேறு. உள்ளே இருக்கிற பிள்ளை என்ன பாடும் என்பது.

பழைய அறிவொளி

இந்த இழைக்குள் நான் வந்தே தீர வேண்டும். தொண்ணூறுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டனாக இருந்தவன். 1991-இல் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்களே, அந்தக் காலம். ஊர் ஊராகக் கலைப் பயணம் போவோம். முதலில் பாட்டு, அப்புறம் ஒரு சின்ன நாடகம், அப்புறம் மறுபடி பாட்டு.

கணக்கு சாருக்கு ஒரு பதில். பாட்டு மட்டும் போயிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. பாட்டு முடிந்த மறுநாள் ராத்திரி அந்த ஊரில் வகுப்பு இருந்தது. விளக்கு இருந்தது, சிலேட்டு இருந்தது, சொல்லிக் கொடுக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பாட்டு கூப்பிட்டது, வந்தவர்களுக்குப் போக ஓர் இடம் இருந்தது. போக இடமில்லாத பாட்டு கைதட்டலோடு முடியும்.

டீச்சருக்கு: நாங்கள் பாட்டுப் பட்டறை நடத்தும்போது முதல் நாளே ஒரு தடைப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிவிடுவோம். உங்கள் பிள்ளைகளுக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்: பூமித் தாய், பசுமை, மாசு, விழிப்புணர்வு, காப்போம், செய்வோம், வாருங்கள். இந்தச் சொற்கள் வரக் கூடாது. 'வோம்' என்று முடிகிற வினையே கூடாது. பிள்ளைகள் முதலில் திண்டாடுவார்கள். பிறகு வேறு வழியில்லாமல் தன் வீட்டைப் பார்ப்பார்கள்.

அப்புறம், முதலில் மெட்டு வேண்டாம். வீட்டில் வயதானவரிடம் போய்க் கேட்டு வரச் சொல்லுங்கள். முன்னால் எந்த மாசத்தில் மழை வரும், ஆற்றில் என்ன கிடைத்தது, ராத்திரி எங்கே படுப்பீர்கள். பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வரட்டும். அதில் பாதிப் பாட்டு கிடைத்துவிடும். 2021-இல் ஊரே பாடிய 'என்ஜாயி எஞ்சாமி'யை ராப் பாடகர் அறிவு எழுதியது பாட்டி சொன்ன கதையிலிருந்துதான். பிள்ளைகளிடம் அதைச் சொன்னால் வேலை சுலபமாகும்.

பெஞ்சுத் தாளம்

அறிவொளி ஐயா சொன்னதோடு ஒன்று. மெட்டைப் பெரியவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம். கானா வருகிற பையனிடம் போய் 'அருமை, இதைச் சிந்துபைரவியில் போடலாம்' என்று சொல்லும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவன் கை பெஞ்சில் தானாகப் போடுகிற நடைதான் அவன் மெட்டு.

இன்னொரு நடைமுறை விஷயம்: சினிமா மெட்டு வேண்டவே வேண்டாம். மேடையில் பிரச்சினை இல்லை, ஆனால் யூடியூபில் ஏற்றினால் காப்புரிமை என்று முடக்கிவிடுவார்கள். பிள்ளைகள் மனசு உடைந்துபோகும்.

தம்பி ரெட்மி

இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஏஐ செயலியில் 'காலநிலை மாற்றம், கானா ஸ்டைல், பையன் குரல்' என்று போட்டால் இரண்டு நிமிஷத்தில் பாட்டே வந்துவிடுகிறது. டோலக் எல்லாம் கூட. நான் போட்டுப் பார்த்தேன், செமையாக இருந்தது.

கானா காதலி

தம்பி, அதில் முதல் வரி என்ன வந்தது என்று சொல்லு பார்ப்போம்.

தம்பி ரெட்மி

'பூமித் தாயே' 😑

உப்பளத்தான்

தூத்துக்குடியிலிருந்து. எங்கள் பக்கத்தில் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்ததை நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. எங்கள் மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். உப்பளத்தில் அள்ளி அம்பாரமாகக் குவித்து வைத்திருந்த உப்பு ராத்திரியோடு கரைந்து போனது. உப்பு கரைகிறதைக் கண்ணால் பார்த்தவனுக்குக் காலநிலை மாற்றம் பற்றி வகுப்பெடுக்கத் தேவையில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் தெருவில் ஒரு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து, எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர், யார் யாரைத் தூக்கினார்கள், எந்தக் கடைக்காரர் கதவைத் திறக்கவில்லை என்று ராகம் போட்டு இழுத்துக்கொண்டிருந்தது. ஒப்பாரியும் இல்லை, பாட்டும் இல்லை, நடுவில் ஒன்று. பிள்ளைகள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். 'விழிப்புணர்வுப் பாடல்' என்று போர்டு வைத்திருந்தால் ஒருத்தனும் வந்திருக்க மாட்டான்.

குஜிலி வாசகர்

உப்பளத்தான் சொன்ன ஆச்சி செய்தது புதிது இல்லை. நம் ஊரில் பேரிடர் வந்தால் பாட்டு அச்சாகும். 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குக் கும்மிப் பாட்டுகள் இருக்கின்றன. அப்புறம் வந்த வெள்ளம், புயல், ரயில் விபத்து, கொலை என்று எல்லாவற்றுக்கும் சிந்து உண்டு. மட்டமான காகிதத்தில் சின்னப் புத்தகமாகப் போட்டு, சென்னை குஜிலிக் கடைகளிலும் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் பாடிப் பாடியே விற்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஜனத்துக்கு அதுதான் செய்தித்தாள்.

அவற்றைப் படித்தால் ஒன்று தெரியும். அறிவுரை கடைசியில் ஒரு ஓரமாக, கடவுள் வாழ்த்து மாதிரி இருக்கும். பாட்டு முழுக்கத் தகவல். எந்த ஊர், எந்தக் கிழமை, என்ன விலை, யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை. கேட்கிறவனுக்கு அதுதான் வேண்டியிருந்தது. இன்றைக்கு நாம் விழிப்புணர்வுப் பாட்டு என்று எழுதுவது தலைகீழ்: பாட்டு முழுக்க அறிவுரை, தகவல் ஒரு துளி கூட இல்லை. ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு எந்த நாட்டுக்கும் பொருத்தலாம்.

டீச்சர், உங்கள் பிள்ளைகளிடம் 'பாட்டு எழுதுங்கள்' என்று சொல்லாமல் 'செய்தி எழுதுங்கள், ஆனால் பாடுகிற மாதிரி' என்று சொல்லிப் பாருங்களேன்.

கறார் கணக்கு

செய்தி என்றால் சரி. ஆனால் சாம்பலும் எண்ணெயும் மாசு. காலநிலை மாற்றம் வேறு. கொடைக்கானல் பாதரசப் பாட்டையும் இதே மாதிரிதான் காலநிலைப் பாட்டு என்று கலந்து பேசுகிறார்கள்.

இயற்பியல் பெஞ்சு

கொடைக்கானல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அது பாதரசக் கழிவு. (அந்தப் பாட்டைப் பற்றியே ஒரு வார்த்தை: சோஃபியா அஷ்ரஃப் 2015 ஜூலையில் ராப் பாடினார், 2016 மார்ச்சில் ஹிந்துஸ்தான் யுனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்படிக்கைக்கு வந்தது. 'பாட்டு ஜெயித்தது' என்று எழுதிவிட்டார்கள். அந்தக் கம்பெனியின் வெப்பமானி ஆலை 2001-இலேயே மூடியாகிவிட்டது. நடுவில் இருந்த அத்தனை வருஷமும் தொழிலாளர்கள் வழக்கு, மருத்துவ ஆவணம், ஊர்வலம் என்று நடையாய் நடந்தார்கள். தயாராக இருந்த சண்டைக்குப் பாட்டு வெளிச்சம் போட்டது. அறிவொளி ஐயா சொன்ன 'போக ஓர் இடம்' அங்கே ஏற்கெனவே இருந்தது.)

ஆனால் எண்ணூரில் மாசையும் காலநிலையையும் பிரிக்க முடியாது, ஏனென்றால் இரண்டும் ஒரே அடுப்பிலிருந்து வருகின்றன. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். எரித்தால் சாம்பல் கீழே தங்குகிறது, அது கழிமுகத்துக்கு. கரியமில வாயு மேலே போகிறது, அது எல்லோருக்கும். நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியே போகும். ஊர்ப் பிள்ளைக்குச் சாம்பல் தெரிகிறது, வாயு தெரியவில்லை. தெரிகிறதைப் பிடித்துத் தெரியாததற்குப் போவதுதான் பாட்டின் வேலை.

யாழ் கிணற்றடி

வணக்கம். எங்கட பக்கம் வருசம் முழுக்க ஓடுற ஆறே இல்லை. சுண்ணாம்புக்கல் நிலம், மழைத்தண்ணி கீழ இறங்கிக் கிணத்தில நிக்கிறதுதான் எல்லாம். அதிகமா இறைச்சால் உவர் ஏறும். கடல்மட்டம் கூடினால் இன்னும் ஏறும். இதைப் பெடியளுக்குச் சொல்ல நாங்கள் பழைய துலாக் கிணத்துப் பாட்டுகளை எடுத்தோம். ஏற்றப்பாட்டில ஒரு வசதி, அதில எண்ணிக்கை இருக்கு. எத்தனை சால் இறைச்சது எண்டு எண்ணிக்கொண்டே பாடுறது. அதால இலக்கங்களைப் பாட்டுக்குள்ள கொண்டுவர முடியாது எண்டு நினைக்காதேங்கோ. எங்கட ஆக்கள் இலக்கத்தைப் பாடித்தான் தோட்டத்துக்குத் தண்ணி கட்டினவை.

இயற்பியல் பெஞ்சு

இது அபாரமான யோசனை. எண்களை நான் தருகிறேன். காற்றில் பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு கரியமில வாயு என்ற கணக்கு. தொழிற்சாலைகளுக்கு முன்னால் 280. ஹவாயில் மௌனா லோவா மலையில் அளக்க ஆரம்பித்த 1958-இல் 315. 1980 வாக்கில் 340-ஐ ஒட்டி. 2010-இல் 390. இப்போது 420-ஐத் தாண்டியாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் தாத்தா, அப்பா, பிள்ளை மூவரும் பிறந்த வருஷங்கள் கிட்டத்தட்ட இதில் வந்துவிடும்.

கழிமுகம் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. தடைப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். வகுப்பில் ஒரே கூச்சல். 'டீச்சர், அப்புறம் என்னத்தைத்தான் எழுதுறது?' என்று. வீட்டில் கேட்டு வரச் சொல்லி அனுப்பினேன்.

வந்த நோட்டுகளைப் படித்துவிட்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காட்டுக்குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண்ணின் பாட்டி, ஆற்றில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடித்தவர். இப்போது கையை விட்டால் சேறுக்குப் பதில் மாவு மாதிரி சாம்பல்தான் அகப்படுகிறதாம். இன்னொரு பையன் வீடு ஷீட் கூரை. பகல் முழுக்கக் காய்ந்த ஷீட் ராத்திரியெல்லாம் சூட்டைக் கக்குகிறது. அம்மா ஜன்னலில் ஈரச் சேலையைத் தொங்கவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்து, பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு உட்கார்ந்தே இருக்கிறார். பையன் எழுதியது:

ஷீட்டு வீடு எங்க வீடு, ராத்திரியும் தகிக்குது
ஈரச் சேலை தொங்கவிட்டு எங்கம்மா முழிக்குது
கரண்ட்டு நம்ம ஊருலதான் கொதிச்சிக் கொதிச்சி வருது
ஃபேனு மட்டும் நம்ம வீட்ல நின்னு நின்னு சுத்துது

'பூமித் தாயே' எழுதிய அதே பையன்தான்.

கானா காதலி

டீச்சர்!! மூன்றாவது வரியையும் நாலாவது வரியையும் நான் பல தடவை படித்துவிட்டேன். மின்சாரம் அங்கே கொதிக்கிறது, ஃபேன் இங்கே நிற்கிறது. ஒரு கட்டுரை எழுதியும் சொல்ல முடியாததை இரண்டு வரியில் வைத்துவிட்டான். 'எங்கம்மா முழிக்குது' என்பதை யாராவது 'விழிக்கின்றாள்' என்று திருத்தினால் நேரில் வந்து சண்டை போடுவேன்.

பெஞ்சுத் தாளம்

தகிக்குது, முழிக்குது, வருது, சுத்துது. 'வருது' மட்டும் ஒரு தட்டு குறைகிறது. 'வருகுது' என்று அவனே பாடும்போது இழுத்துக்கொள்வான். எழுத்தில் திருத்த வேண்டாம், வாயில் சரியாகிவிடும்.

கழிமுகம் டீச்சர்

அடுத்த சரணம் ஒரு குழு எழுதியது. அறிவியல் ஆசிரியருக்கு இதில் சந்தேகம், அதனால் இங்கே போடுகிறேன்.

நம்ம ஊரு கூண்டு விட்ட புகைதான் மேலே போச்சு
நாலு நாளு கழிச்சி அதே மழையா மாறிப் போச்சு
ஒரு வருசத் தண்ணியெல்லாம் ஒரே நாளில் வந்திடுச்சி
ஒண்டிக் குடித்தன வாசலெல்லாம் ஓடத்துறை ஆயிடுச்சி

இயற்பியல் பெஞ்சு

கடைசி இரண்டு வரி பிரமாதம். முதல் இரண்டு வரி தவறு. புகை மழையாக மாறாது. இப்படிப் பாடிவிட்டால், நாலு நாளில் எல்லாம் கழுவிப் போய்விட்டது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். உண்மை அதைவிட மோசம்: கரியமில வாயு மேலே போனால் லேசில் போகாது, நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். அது தங்குவதால் சூடு தங்குகிறது. அதிகப்படியான சூட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடல் வாங்கிக்கொள்கிறது. கடல் சூடானால் ஆவி கூடும். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு அதிக ஈரத்தைப் பிடித்து வைக்கும். பிடித்து வைத்ததை ஒரே இடத்தில் கொட்டும். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியதே, அந்த மாதிரி நாட்கள் இனி அடிக்கடி வரும் என்பதுதான் விஷயம். ஒரு குறிப்பிட்ட மழைக்கு இந்தக் கூண்டுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆகவே 'நம்ம ஊரு கூண்டு' என்று இல்லாமல் 'கூண்டு எல்லாம்' என்று இருக்கலாம்.

பெஞ்சுத் தாளம்

சார் சொன்னதை நாலு வரியில் அடக்க முடியுமா என்று தட்டிப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு இதை அப்படியே கொடுக்க வேண்டாம், ஒரு சாத்தியம் என்று காட்டுங்கள்:

கூண்டு எல்லாம் விட்ட மூச்சு வானத்துல தங்கிப்போச்சு
சூடு ஏறிக் கடல் வேர்க்க மேகம் வயிறு வீங்கிப்போச்சு
ஒரு வருசத் தண்ணியைத்தான் ஒரே நாளில் கக்கிப்போச்சு
ஒண்டிக் குடித்தன வாசலெல்லாம் ஓடத்துறை ஆகிப்போச்சு

இயற்பியல் பெஞ்சு

'வானத்துல தங்கிப்போச்சு.' சரி. 'கடல் வேர்க்க.' சரி. என் பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம் வருகிற விஷயம்.

கழிமுகம் டீச்சர்

பிள்ளைகள் 'வயிறு வீங்கிப்போச்சு'வை வைத்துக்கொண்டார்கள், 'கடல் வேர்க்க' என்பதை விவாதித்து விவாதித்து 'கடல் கொதிக்க' என்று மாற்றினார்கள், பிறகு அறிவியல் ஆசிரியர் கடல் எங்கே கொதித்தது என்று கேட்க மறுபடி 'வேர்க்க'வுக்கே வந்தார்கள். அந்த ஒரு சொல்லுக்காக நடந்த சண்டையில் ஆவியாதல் பாடம் முடிந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எண்ணிக்கைச் சரணம் இது:

தாத்தா பொறந்த வருசத்துல முந்நூத்திப் பதினஞ்சு
அப்பா பொறந்த வருசத்துல முந்நூத்தி நாப்பது
நான் பொறந்து அழுதப்போ முந்நூத்தித் தொண்ணூறு
நானூத்தி இருபது தாண்டி இன்னும் எங்கே போவுது?

ஆனால் ஒரு சங்கடம். ஒரு பெண் தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அவளுக்கு நாற்பது வயதாகும்போது அவள் தெரு கடலுக்குள் இருக்கும், அப்போது அவள் பிள்ளைக்கு எந்த இடத்தைக் காட்டி 'இது எங்க ஊரு' என்று சொல்வாள் என்று. பாட்டில் சேர்க்க வேண்டாம் டீச்சர், உங்களுக்கு மட்டும் என்றாள். இவ்வளவு தூரம் கிளறியது சரியா என்று யோசிக்கிறேன். கடைசியில் ஒரு நம்பிக்கைச் சரணம் சேர்த்துவிடலாமா?

பழைய அறிவொளி

சேர்க்காதீர்கள் அம்மா. நம்பிக்கையை நாம் எழுதிக் கொடுத்தால் அது மறுபடி 'பூமித் தாயே'தான். அந்தப் பயத்தை நீங்கள் கிளறவில்லை, அவளிடம் ஏற்கெனவே இருந்தது. இப்போது அதைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்திருக்கிறது. அவளோடு உட்கார்ந்து பேசுங்கள், கூடவே பாட்டியையும் வகுப்புக்குக் கூட்டி வாருங்கள். பாட்டு முடிந்ததும் பிள்ளைகள் என்ன செய்யப் போகிறார்கள் என்பதையும் இப்போதே யோசியுங்கள். ஷீட் வீடுகளில் ராத்திரி எவ்வளவு சூடு என்று ஒரு வெப்பமானியை வைத்து அவர்களே குறித்து, அந்தக் குறிப்பை வார்டு கூட்டத்தில் கொடுக்கலாம். கூரைக்கு வெள்ளைப் பூச்சு கேட்கலாம். அது சின்னதுதான், ஆனால் அது ஒரு இடம்.

கானா காதலி

கானாவே சாவு வீட்டில் வளர்ந்த பாட்டு. பிணத்தை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் பாடுவார்கள், நடுவில் ஒரு வரி வரும், ஒப்பாரி வைத்த கிழவியே சிரித்துவிடும். துக்கத்துக்கு மருந்தாக நம்பிக்கையைத்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை, நக்கலும் கொடுக்கலாம். பிள்ளைகளை யாரையாவது கிண்டல் பண்ணச் சொல்லுங்கள்.

கறார் கணக்கு

இதை நான் எழுதுவேன் என்று நினைக்கவில்லை. அந்த எண்ணிக்கைச் சரணத்தை என் மகளிடம் காட்டினேன். அவள் கேட்டது, 'அப்பா, நீ பொறந்தப்போ எவ்வளவு?' தேடிப் பார்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பாட்டு கூண்டை மூடாது என்ற கருத்தில் மாற்றமில்லை.

கழிமுகம் டீச்சர்

கிண்டல் பண்ணச் சொன்னதுதான் தாமதம், பின் பெஞ்சு பொங்கிவிட்டது:

ஏசி ரூமு மீட்டிங்குல வெப்பம் பத்திப் பேச்சு
ஸ்வெட்டர் போட்ட சாருக்கெல்லாம் சளி புடிச்சிப் போச்சு

தலைமை ஆசிரியரிடம் பாடிக் காட்டினோம். முதலில் 'கானாவா?' என்று முகத்தைச் சுளித்தார். அனல்மின் நிலையத்தின் பெயர் எங்காவது வருகிறதா என்று வரிவரியாகப் பார்த்தார். வரவில்லை, 'கூண்டு எல்லாம்' என்று பொதுவாக இருப்பது அவருக்கு நிம்மதி (இயற்பியல் சாருக்கு நன்றி, இந்தக் கோணத்தில் அவர் யோசித்திருக்க மாட்டார்). நான் அரசு ஊழியர், அவரும் அப்படித்தான், அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஷீட் வீட்டுச் சரணத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஸ்வெட்டர் வரிக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டு, 'இது வேண்டாம், சிறப்பு விருந்தினர் வருகிறார்' என்றார்.

நிகழ்ச்சிக்கு மூன்று நிமிஷம்தான் தருவார்களாம். இப்போது நாலு நிமிஷம் ஓடுகிறது. ஸ்வெட்டரை எடுத்துவிட்டால் சரியாக வரும் என்று எனக்கே வழி காட்டுகிறார். பின் பெஞ்சுப் பையன்கள் முதல் தடவையாக மேடை ஏறுவதே அந்த இரண்டு வரிக்காகத்தான். என்ன செய்வது?

பெஞ்சுத் தாளம்

பல்லவி மூன்று தடவை வருகிறது இல்லையா? நடுவில் வருவதை எடுத்துவிடுங்கள், முன்னால் வரும் தாளக்கட்டைப் பாதியாக்குங்கள். மூன்று நிமிஷத்துக்குள் முடியும். நேரம் காரணம் இல்லை என்று ஆகிவிட்டால் அவர் வேறு காரணம் சொல்ல வேண்டும்.

உப்பளத்தான்

விருந்தினர் ஸ்வெட்டர் போட்டு வந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள் டீச்சர். நம் ஊர் வெயிலுக்கு வாய்ப்பே இல்லை.

கழிமுகம் டீச்சர்

கோட்டு போட்டு வருவாராம் 😀 பேசிப் பார்க்கிறேன். பதிவு செய்து இங்கே போடுகிறேன். பிள்ளைகளின் முகம் தெரியாமல், குரல் மட்டும்.